நான்காயிரம் பேர் ‘ஆம்’ என்றார்கள்

என் முதல் சர்வேக்கு நான்காயிரத்துச் சொச்சம் பேர் பதில் சொல்லியிருந்தார்கள். நூற்றுக்கு 83 பேர் ‘ஆம்’ என்றிருந்தார்கள். அந்த 83-ஐ ஒரு ஸ்லைடின் நடுவில், பக்கத்தில் வேறு எதுவும் இல்லாமல், கொட்டை எழுத்தில் வைத்தேன். கீழே வலது மூலையில் பொடி எழுத்தில் ‘பிழை வரம்பு ±1.5 சதவீதம்’ என்று சேர்த்தேன்; உண்மையான எண் இதைவிட அவ்வளவுதான் கூடவோ குறையவோ இருக்கும் என்று பொருள். அந்தப் பொடி எழுத்தைச் சேர்த்தபோது எனக்கு இருந்த பெருமிதத்தை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

மருத்துவரைச் சந்திக்க நேரம் பதிவு செய்யும் ஒரு செயலியில் பயனர் ஆய்வாளராகச் சேர்ந்து அப்போது எட்டு மாதம்கூட ஆகவில்லை. கேள்வி இதுதான்: ‘குடும்பத்தினர் அனைவரின் சந்திப்புகளையும் ஒரே கணக்கிலிருந்து நிர்வகிக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?’ எழுதியவள் நானேதான். கூட்டத்தில் எதிர்க்கேள்வியே வரவில்லை. நான்காயிரம் பேர் ஒருபக்கம் நிற்கும்போது மறுபக்கம் போய் நிற்க யாருக்குத் துணிவு வரும்? ஆறு மாத உழைப்பில் வசதி வெளிவந்தது. வெளிவந்த மூன்றாம் மாதம் கணக்கெடுத்தோம். தம் கணக்கில் இன்னொருவரைச் சேர்த்திருந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்.

83 எப்படி 4 ஆனது? விளம்பரம் போதவில்லை என்றார் ஒருவர். பொத்தான் கண்ணில் படவில்லை என்றார் இன்னொருவர். பொத்தானை இடம் மாற்றினோம், நிறம் மாற்றினோம். நான்கு ஐந்தானது. அதற்குப் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். அன்று ‘ஆம்’ போட்டவர்களில் ஒன்பது பேரை அழைத்து, ஆளுக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினேன்.

“இருந்தால் நல்லதுதானே என்று போட்டேன்” என்றார் முதலாமவர். இரண்டாமவரும் அதையே சொன்னார். மூன்றாமவருக்கு அப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொன்ன நினைவே இல்லை. நான்காமவர், பாவம், என் மனம் கோணக்கூடாது என்று “கண்டிப்பாகப் பயன்படுத்துவேன், நேரம்தான் கிடைக்கவில்லை” என்றார். ஏழாவதாக வந்த பெண்மணிதான் விஷயத்தை உடைத்தார். அவருடைய அம்மாவின் பெயரில் உள்ள எல்லாவற்றுக்கும் ஓடிபி அம்மாவின் கைபேசிக்குத்தான் போகிறது. எப்படியும் அந்தக் கைபேசியைக் கையில் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கியபின் அதிலேயே பதிவு செய்துவிடுவது சுலபம். “இதற்கு எதற்கு இன்னொரு கணக்கு?” என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

‘இருந்தால் பயன்படுத்துவீர்களா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ சொல்வதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. பணம் கேட்கவில்லை, நேரம் கேட்கவில்லை, பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. மனிதர்கள் தம் நாளைய நடத்தையைக் கணிப்பதில் தேர்ந்தவர்கள் அல்லர். தம்மைப் பற்றிக் கொஞ்சம் தாராளமாகவே கணித்துக்கொள்வார்கள். இப்போதெல்லாம் ‘கடைசியாக எப்போது இன்னொருவருக்காக நேரம் பதிவு செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள்?’ என்று மட்டுமே கேட்கிறேன். நடந்ததைக் கேட்டாலும் நினைவு பிசகும், மறுக்கவில்லை. ஆனால் பிசகிய நினைவுக்குக்கூட ஏதோ ஒரு நிஜத்தோடு தொடர்பு இருக்கும். ‘இருந்தால்’ என்று தொடங்கும் கேள்விக்கு அந்தத் தொடர்பும் கிடையாது.

கேள்வியின் கோளாறு அது. அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. ஒன்பது பேருடன் பேசி முடித்த பிறகும் அது என் கண்ணில் படவில்லை. செயலியின் கணினிப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர் போகிறபோக்கில் கேட்டார்: “சர்வே எந்தத் திரையில் வந்தது?” நேரம் வெற்றிகரமாகப் பதிவான பிறகு வரும் நன்றித் திரையில். அதாவது, எல்லாம் சரியாக முடிந்தவர்களிடம் மட்டும். ஓடிபி வராமல் திண்டாடியவர், மருத்துவரின் பெயரைத் தேடிக் கிடைக்காமல் வெளியேறியவர், பாதியில் கோபப்பட்டுச் செயலியையே நீக்கியவர் என இவர்களில் ஒருவர்கூட என் கேள்வியைப் பார்க்கவே இல்லை. ஊர்வலத்தில் நடந்து வருகிறவர்களை நிறுத்தி, ஊர்வலம் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறேன்.

அப்படியானால் அந்த ±1.5? அந்தக் கணக்கில் தவறில்லை. எளிய மாதிரி ஒன்றில் 95 சதவீத நம்பகத்தோடு வரும் பிழை வரம்பை அறிய, ஒன்றை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும், மனக்கணக்காகவே போடலாம். நூறு பேர் என்றால் ஏறக்குறைய 10 சதவீதம். 400 பேர் என்றால் 5. நான்காயிரம் என்றால் ஒன்றரைக்குச் சற்று மேல். பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. எங்கு போனாலும் காதில் விழும் 384 என்ற எண்ணும் இதன் குழந்தைதான்: ஐந்து சதவீதப் பிழைக்கு அவ்வளவு பேர் போதும். மொத்தப் பயனர்கள் ஒரு லட்சமா ஒரு கோடியா என்பது இதில் கிட்டத்தட்ட எந்த வித்தியாசத்தையும் செய்வதில்லை. புதிதாக வருகிறவர்கள் நம்ப மறுக்கும் செய்தி இது.

ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லாப் பயனர்களுக்கும் மாதிரியில் இடம்பெறும் வாய்ப்பு இருந்து, அவர்களிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்திருக்க வேண்டும். தற்செயலால் வரும் பிழையை மட்டுமே அது அளக்கிறது. தவறான வாசலில் நின்று எண்ணியதை, கேள்வி புரியாமல் போனதை, பதில் சொல்ல மறுத்தவர்களின் மௌனத்தை அது அளப்பதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அந்தப் பழமொழி செல்லும். என் ஸ்லைடின் மூலையில் இருந்த ±1.5, ஒரு பெரிய பொய்க்கு நான் கொடுத்த துல்லியச் சான்றிதழ்.

இந்தத் தவறு எனக்கு முன்பே பெரிய அளவில் நடந்திருக்கிறது என்பது ஓரளவு ஆறுதல். 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலை முன்கூட்டிச் சொல்ல ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற இதழ் ஏறக்குறைய ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஆல்ஃப் லேண்டன் 57 சதவீதம் பெற்று வெல்வார் என்றது இதழ். நடந்தது வேறு: பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கும் மேல் வாக்குகள் பெற்றார், 48 மாநிலங்களில் இரண்டைத் தவிர மற்றெல்லாம் அவருக்கே. இதழின் முகவரிப் பட்டியல் தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் என வசதியானவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. அதோடு, சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் எல்லோரையும் போன்றவர்கள் அல்லர். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சுமார் 50,000 பேரை வைத்து வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். இரண்டு ஆண்டுகளில் அந்த இதழ் வேறொரு இதழோடு கரைந்துபோனது. முந்தைய தேர்தல்களில் அது சரியாகவே சொல்லிவந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். தவறான முறை சில காலம் சரியான விடை தந்துகொண்டிருப்பதைவிட ஆபத்தானது வேறில்லை.

யாரிடம் கேட்கிறோம் என்பதை ஒருவழியாகச் சரிசெய்துகொண்டேன். இப்போது பயனர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்து, அழைப்பு அனுப்பி, ஒரு வாரம் கழித்து நினைவூட்டல் அனுப்புகிறேன். முதல் அழைப்பிலேயே பதில் சொன்னவர்களையும் நினைவூட்டலுக்குப் பிறகு சொன்னவர்களையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கிறேன். இரு கூட்டத்தின் பதில்களும் வெகுவாக வேறுபட்டால், பதிலே சொல்லாதவர்கள் இன்னும் எவ்வளவு வேறுபடுவார்களோ என்ற கவலை வர வேண்டும். அந்தக் கவலையை அறிக்கையில் எழுதிவிடுகிறேன். யாருக்கும் பிடிப்பதில்லை.

என்ன கேட்கிறோம் என்பதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடாத பகுதி. ஒரு சொல் எத்தனை பேரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளும் என்பதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. 1941இல் டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் வெளியிட்டது. மக்களாட்சிக்கு எதிரான மேடைப்பேச்சை ‘அனுமதிக்க வேண்டுமா’ என்று அமெரிக்கர்களில் ஒரு பகுதியினரிடமும், ‘தடைசெய்ய வேண்டுமா’ என்று இன்னொரு பகுதியினரிடமும் கேட்டார்கள். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 62 சதவீதம். தடைசெய்ய வேண்டும் என்றவர்கள் 46 சதவீதம். ‘அனுமதிக்காதே’, ‘தடைசெய்’ இரண்டும் ஒன்றுதானே என்று தர்க்கம் சொல்லும். ‘தடை’ என்ற சொல்லில் இருக்கும் அதிகார வாடை பலரைத் தயங்க வைத்துவிட்டது.

தமிழில் கேள்வி எழுதுகிறவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு பொறி உண்டு. ஒருமுறை நான் எழுதினேன்: ‘பதிவை ரத்து செய்வதில் உங்களுக்குச் சிரமம் இருக்கவில்லையா?’ கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். எல்லோருக்கும் அனுப்புமுன் சிலரிடம் கேட்டுப் பார்க்கும் முன்னோட்டத்தில் ஒருவர் ‘ஆம்’ போட்டுவிட்டுச் சொன்னார்: “ஆமாம், சிரமம் எதுவும் இல்லை.” அடுத்தவரும் ‘ஆம்’ போட்டார்: “ஆமாம், ரொம்பச் சிரமப்பட்டேன்.” எதிர்மறைக் கேள்விக்கு ஆமோதிப்பாகவும் பதில் சொல்லலாம், உண்மை நிலையைச் சொல்வதாகவும் சொல்லலாம். நேரில் பேசும்போது அடுத்து வரும் சொற்களும் தலையசைப்பும் குழப்பத்தைத் தீர்த்துவிடும். கட்டத்துக்குத் தலை கிடையாது. அந்த முன்னோட்டத்தை நடத்தாமல் இருந்திருந்தால் ஒரே கட்டத்தில் நேரெதிரான இரண்டு அனுபவங்கள் போய் விழுந்திருக்கும். நான் அதற்கும் பிழை வரம்பு போட்டிருப்பேன்.

‘சுமார்’ என்ற சொல்லோடும் பட்டிருக்கிறேன். திருப்தியைக் கேட்கும் கேள்வி ஒன்றில், ஐந்து விடைப்படிகளின் நடுப்படிக்கு அதைப் போட்டேன். அகராதிப்படி ஏறக்குறைய, நடுத்தரம் என்று பொருள். ஆனால் பலருக்கு ‘சுமார்’ என்றாலே மட்டம் என்றுதான் காதில் விழுகிறது. ‘பரவாயில்லை’ என்று மாற்றினேன். அது இன்னும் மோசம்: சிலர் அதைப் பாராட்டாகவும் சிலர் சகித்துக்கொள்வதாகவும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ‘திருப்தியும் இல்லை, அதிருப்தியும் இல்லை’ என்ற உயிரற்ற வாக்கியத்திலேயே வந்து நின்றேன். சர்வேயில் உயிரற்ற வாக்கியம்தான் நல்ல வாக்கியம். இலக்கிய ஆசை உள்ளவர்கள் கேள்வித்தாள் பக்கம் வராமல் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

விடைக்கட்டங்களும் பேசும். நார்பர்ட் ஷ்வார்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஜெர்மனியில் செய்த ஒரு சோதனையை 1985இல் வெளியிட்டார்கள். தினமும் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்பது கேள்வி. ஒரு குழுவுக்குக் கொடுத்த கட்டங்கள் ‘அரை மணி வரை’ என்று தொடங்கி ‘இரண்டரை மணிக்கு மேல்’ என்று முடிந்தன. இன்னொரு குழுவுக்கு ‘இரண்டரை மணி வரை’ என்பதே முதல் கட்டம். அங்கிருந்து மேலே ஏறின. முதல் குழுவில் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம். இரண்டாவது குழுவில் 37.5 சதவீதம். யாருமே கடிகாரம் பார்த்துக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பதில்லை. அதனால் கட்டங்களைப் பார்த்து, ‘நடுவில் இருப்பது சராசரி மனிதன் போலும், நான் அவனைவிடக் கொஞ்சம் கூட அல்லது குறைவு’ என்று தம்மை வைத்துக்கொள்கிறார்கள். நாம் அளவுகோல் என்று நினைத்துக் கொடுப்பதை அவர்கள் குறிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, பதிவேட்டில் கிடைக்கும் எதையும் நான் மனிதர்களிடம் கேட்பதில்லை. மாதத்துக்கு எத்தனை முறை செயலியைத் திறந்தார்கள் என்பது எங்கள் கணினிக்குத் தெரியும். அதைக் கேட்டு ஒரு கேள்வியை வீணாக்குவானேன்?

அளவுகோல் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒரு கிளைக்கதை. உடன்படுகிறேன், உடன்படவில்லை என்று ஐந்து படிகளில் பதில் வாங்கும் முறையை 1932இல் எழுதி வைத்தவர் ரென்சிஸ் லிக்கர்ட். பெயரை ‘லைக்கர்ட்’ என்று உச்சரிக்கிறவர்களே அதிகம்; அவர் தம் பெயரை ‘லிக்கர்ட்’ என்றுதான் சொல்வார். ஆங்கிலத்தில் எழுதும்போது இதில் நழுவிவிடலாம். தமிழில் எழுதினால் ஏதாவது ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும். அவர் சொன்னது ஒரே மனப்பான்மையைப் பல வாக்கியங்களால் தொட்டு, அவற்றின் மதிப்பெண்களைக் கூட்டும் முறை. இன்று ஒற்றைக் கேள்விக்கு ஐந்து படி வைத்துவிட்டு அதையே லிக்கர்ட் அளவுகோல் என்கிறோம்.

அந்த ஐந்து படிகளுக்குச் சராசரி எடுக்கலாமா என்ற சண்டை, எண்களின் அளவீட்டு வகைகளை ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ் 1946இல் வகைப்படுத்திய காலத்திலிருந்து நடக்கிறது. முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் உள்ள தூரம், நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் உள்ள தூரம்தான் என்று யார் சொன்னது? நான் இந்தச் சண்டையில் தீவிரவாதி இல்லை. சராசரி எடுக்கலாம். ஆனால் அதைத் தனியாக அனுப்பாதீர்கள். பதிவை ரத்து செய்யும் வசதிக்கு எங்களுக்கு ஒருமுறை 3.1 வந்தது. ‘நடுத்தரம், அவசரமில்லை’ என்று ஒதுக்கி வைத்தார்கள். பட்டை வரைபடம் போட்டுப் பார்த்தால் நடுவில் ஆளே இல்லை. ஒரு கூட்டம் ஐந்தில், ஒரு கூட்டம் ஒன்றில். ஒன்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் முன்பணம் கட்டியபின் ரத்து செய்தவர்கள். 3.1 என்ற அந்த நடுத்தர மனிதர் எங்கள் பயனர்களில் ஒருவர்கூட இல்லை.

ஆயத்தக் கேள்வித்தாள்களில் எனக்கு மரியாதை உள்ளது எஸ்யூஎஸ், அதாவது ஒன்றைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று அளக்கும் கேள்வித்தாள். ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது, பத்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்கள் புகழும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்லும். ஒற்றைப்படைக்கு வந்த மதிப்பெண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும்; இரட்டைப்படைக்கு வந்ததை ஐந்திலிருந்து கழிக்க வேண்டும்; எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரு எண் கிடைக்கும். பார்க்கச் சதவீதம் போல இருக்கும், சதவீதம் அல்ல. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் சராசரி 68க்கு அருகில் நிற்கிறது. எனவே ‘நமக்கு 70 வந்திருக்கிறது, முதல் வகுப்பு’ என்று துள்ளுகிறவரை உட்கார வைத்து, சராசரிக்கு ஒரு மயிரிழை மேலே இருக்கிறோம் என்று விளக்க வேண்டியிருக்கிறது.

அதன் எட்டாவது வாக்கியத்தில் வரும் ‘கம்பர்சம்’ என்ற சொல் ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்குப் புரிவதில்லை என்று 2006இல் க்ரெய்க் ஃபின்ஸ்டாட் எழுதினார். தமிழாக்கும்போது அந்தச் சொல்லோடு நானும் ஒரு பிற்பகல் முழுக்க மல்லுக்கட்டி ‘பயன்படுத்தச் சிரமமான, சுற்றிவளைப்பான’ என்று இழுத்தேன். ஆனால் என்னைச் சிரிக்க வைத்தது முதல் வாக்கியம்: ‘இதை அடிக்கடி பயன்படுத்த விரும்புவேன் என்று நினைக்கிறேன்.’ முன்னோட்டத்தில் வந்த பெரியவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “நான் ஏனம்மா அடிக்கடி டாக்டரிடம் போக விரும்ப வேண்டும்?” நியாயம்தானே. அதை மாற்றினால் மற்றவர்களின் எண்களோடு ஒப்பிட முடியாது. வைத்திருந்தால் பெரியவர் முறைக்கிறார். வைத்திருக்கிறேன்.

என்பிஎஸ் என்ற பரிந்துரை மதிப்பெண் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் இரத்த அழுத்தம் ஏறும். 2003இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் அறிமுகப்படுத்தியது. ‘நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா’ என்று பூஜ்யம் முதல் பத்து வரை கேட்டு, ஒன்பதும் பத்தும் சொன்னவர்களின் சதவீதத்திலிருந்து, பூஜ்யம் முதல் ஆறு வரை சொன்னவர்களின் சதவீதத்தைக் கழிப்பது. நூறு பேரில் 30 பேர் புகழ்ந்து 20 பேர் வைதாலும் விடை 10. பத்துப் பேர் புகழ்ந்து ஒருவரும் வையாமல் இருந்தாலும் விடை 10. அத்தனை பேரும் பூஜ்யத்திலிருந்து ஆறுக்கு ஏறி வந்தாலும் எண் மைனஸ் நூறிலேயே ஆணியடித்தது போல் நிற்கும். மேலிடத்துக்குப் பிடித்திருக்கிறது, கேட்கிறோம். ஆனால் அதைப் பார்த்து எந்த முடிவும் எடுக்க நான் சொல்வதில்லை.

இப்போது என் வேலைமுறை தலைகீழாகிவிட்டது. கேள்வியைக் கடைசியில்தான் எழுதுகிறேன். முதலில் அறிக்கையின் வெற்று அட்டவணையை வரைகிறேன்: வரிசைகள் எவை, பத்திகள் எவை, எந்தக் கட்டத்தில் எண் எவ்வளவுக்கு மேல் போனால் யார் என்ன செய்வார்கள். இதை வரையும்போதே பாதிக் கேள்விகள் உதிர்ந்துவிடும். ஆட்கள் எத்தனை பேர் தேவை என்பதும் இங்கேதான் தெரியும். மொத்தம் 400 பேர் என்றால் பிழை ஐந்து சதவீதம்தான், சரி. ஆனால் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறவர்களைத் தனியே பார்க்க வேண்டும், அவர்கள் அதில் 35 பேர்தான் என்றால், அந்த வரிசையில் பிழை 16, 17 சதவீதத்துக்குப் போய்விடும். அப்போது அவர்களை மட்டும் கூடுதலாகத் தேடி அழைக்க வேண்டும், இல்லையேல் அந்த வரிசையையே அழிக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் 35 பேரை வைத்து ‘43 சதவீதம்’ என்று எழுதுகிறவர்களை நான் வெளியில் சொல்லாமல் வெறுக்கிறேன்.

பிறகு முன்னோட்டம். ஏழெட்டுப் பேர் போதும். கேள்வியைக் கொடுத்து, சத்தமாக யோசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பதில் சொல்கிறவர் மனத்தில் நான்கு வேலை நடக்கிறது என்பார் சர்வே ஆய்வாளர் ரோஜர் டூராஞ்சோ: கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும், நினைவிலிருந்து எடுக்க வேண்டும், எடை போட வேண்டும், அதை நம் கட்டங்களில் ஒன்றுக்குள் திணிக்க வேண்டும். கட்டத்தில் விழும் புள்ளி நான்காவதை மட்டுமே காட்டும். முதல் மூன்றில் நடக்கும் விபத்துகளைப் பார்க்கப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் உண்டு. சோர்வையும் பார்க்கலாம். பத்தாவது கேள்வி வரை ஒவ்வொன்றாகப் படித்தவர், அட்டவணை போல வரிசையாக வரும் பன்னிரண்டு வாக்கியங்களைக் கண்டதும் மூன்றாவது பத்தியிலேயே மளமளவென்று புள்ளி வைத்துக்கொண்டே இறங்குவார். ‘போதுமான அளவுக்குப் பதில் சொன்னால் சரி’ என்ற இந்த நிலையை 1991இல் ஜான் கிராஸ்னிக் விரிவாக எழுதினார். அவர்மேல் தவறில்லை. பன்னிரண்டு வாக்கியங்களை அடுக்கிய கை யாருடையது?

இவ்வளவு புலம்பியதால் சர்வேயே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நேர்காணல் பித்துப் பிடித்து ஓராண்டு திரிந்திருக்கிறேன், அதுவும் தப்பு. ஒருமுறை பன்னிரண்டு பேரிடம் பேசினேன். அதில் இரண்டு பேர் ஓடிபி தாமதத்தைப் பற்றி அப்படி ஒரு கோபத்தோடு பேசினார்கள். ஒருவர் மேசையைத் தட்டினார். ஒலிப்பதிவைக் கூட்டத்தில் போட்டுக் காட்டினேன். எல்லோரும் கலங்கிப்போய், அந்த மாதத் திட்டத்தையே மாற்றத் தயாரானார்கள். அவசரப்பட வேண்டாம் என்று, கடந்த மாதம் பதிவைத் தொடங்கியவர்களிலிருந்து, முடித்தவர், முடிக்காதவர் இரு தரப்பையும் சேர்த்துக் குலுக்கல் முறையில் எடுத்து நான்கே கேள்விகள் அனுப்பினோம். கடைசி முயற்சியில் எங்கே தடங்கல் வந்தது என்பது அதில் ஒன்று. ஓடிபி ஐந்தாவது இடத்தில் இருந்தது. முதலிடத்தில் இருந்தது, மருத்துவர் நேரத்தை மாற்றினால் தகவல் வராதது. அதை நேர்காணலில் பலரும் சொல்லத்தான் செய்திருந்தார்கள், ஆனால் மேசையைத் தட்டாமல் சொன்னார்கள். மெல்லப் பேசுகிறவருக்கும் மேசை தட்டுகிறவருக்கும் ஆளுக்கு ஒரு புள்ளிதான் என்பது சர்வேயின் அழகு. என்ன தடங்கல்கள் இருக்கின்றன என்ற பட்டியலை அந்தப் பன்னிரண்டு பேர்தான் கொடுத்தார்கள். எது எத்தனை பேருக்கு என்பதைச் சர்வே சொன்னது. பட்டியலை நானே அறைக்குள் உட்கார்ந்து கற்பனை செய்திருந்தால், மருத்துவர் நேரத்தை மாற்றும் விஷயம் அதில் இடம்பெற்றே இருக்காது. ‘மற்றவை’ என்ற கட்டத்தில் மூச்சுத் திணறிக் கிடந்திருக்கும்.

சென்ற மாதம் வேலை மாறினேன். பழைய கோப்புகளை ஒப்படைப்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த முதல் சர்வேயின் கோப்பு கிடைத்தது. கடைசிப் பத்தியின் தலைப்பு: ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ கேள்வித்தாளைப் பார்க்க முழுமையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்ட கேள்வி அது. பெரும்பாலும் வெற்றுக் கட்டங்கள். எழுதியிருந்தவர்கள் இருநூறு பேர் இருக்கலாம். அன்று அந்தப் பத்தியை நான் திறக்கவே இல்லை. சொற்களுக்குச் சதவீதம் போட முடியாது என்று மறைத்து வைத்திருந்தேன். இப்போது மறைப்பை நீக்கிவிட்டு மேலிருந்து படித்தேன். ‘நன்றி.’ ‘நன்று.’ ‘சீக்கிரம் முடியுங்கள்.’ முப்பதாவதோ நாற்பதாவதோ வரி: ‘அப்பாவுக்கு அவர் போனிலேயே போட்டுவிடுவேன், ஓடிபி அதற்குத்தானே வருகிறது.’ அதற்குச் சற்றுக் கீழே இன்னொருவர், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், மாமியாரைப் பற்றி. இடப்பக்கம் நகர்த்தி இருவரும் முதல் கேள்விக்கு என்ன சொல்லியிருந்தார்கள் என்று பார்த்தேன். இருவரும் ‘ஆம்’.